அர்தஸீர் கர்ஸெட்ஜி வாடியா: கும்பினிக் கப்பல் படையின் இந்தியப் பிரதம இஞ்சினீயர்

இந்தியனுக்குக் கைவேலைத் திறமை உண்டு, புத்தியும் உண்டு. ஆனால் பெரிய யந்திரசாலையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குக் கீழே பல பேரை ஏவி வேலை வாங்கும் தலைமை மாத்திரம் அவனுக்கு வராது என்று ஒரு சித்தாந்தம் இந்நாட்டை ஆண்ட வெள்ளைக்காரரிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. அச்சித்தாந்தத்தை நம்மவரிலும் அநேகர் மெய்யென்றே நம்பிவிட்டார்கள் என்பதுதான் நாம் அதிகமாக வருந்த வேண்டிய விஷயம். அடிமைப்பட்ட ஜாதி தன்னைப் பற்றி எஜமானன் சொல்வதையெல்லாம் சில காலத்தில் தானும் சொல்லத் தொடங்கிவிடுகிறது. ஆகையால், 1841-ஆம் வருஷத்திலேயே, கிழக்கிந்தியக் கும்பினியாரின் கப்பல் படைக்குரிய பம்பாய் நீராவித் தொழிற்சாலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியருக்குத் தலைவராக அமர்ந்து, பதினாறு வருஷம் அந்த ஸ்தானத்தை வகித்த ஓர் இந்தியரின் சரித்திரத்தை இன்று நமது நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் பெயர் அர்தஸீர் கர்ஸெட்ஜி வாடியா.

அவர் யுத்தக் கப்பலின் மேல்தளத்தில் பட்டாக்கத்தி தரித்து நின்ற அதிகாரி அல்லர். கப்பல் எதனால் ஓடுகிறதோ அந்த யந்திரத்துக்கு உத்தரவாதியாக இருந்தவர். புகழும் மெடலும் மேல்தளத்தில் நிற்பவர்களையே முதலில் தேடி வருவது உலக வழக்கம். அடித்தளத்தில் கரிப்புகைக்கும் கொதிநீருக்கும் நடுவே நிற்பவனைப் பற்றி யுத்த விருத்தாந்தம் எழுதுகிறவர்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. அர்தஸீரின் பெயர் நமது பள்ளிக்கூடப் பாட புஸ்தகங்களில் காணப்படாமல் போனதற்கு அந்தக் காரணமும் ஒன்றாக இருக்கலாம்.

பார்ஸி சமூகத்தில் வாடியா வம்சத்தாரை அறியாதவர் இல்லை. நமது கடற்கரையில் மரக்கலம் கட்டுகிறவரை ஓடாவி என்று சொல்லுகிறோமே, அதுபோல் கப்பல் கட்டுவோரைக் குறிக்கும் தொழிற்பெயரே அவ்வம்சத்தின் குடும்பப் பெயராயிற்று. சூரத் நகரத்தில் கும்பினியாரின் கப்பல் வேலையில் மேஸ்திரியாக இருந்த லௌஜி நஸர்வான்ஜி என்பவரை, 1736-ஆம் வருஷத்தில் பம்பாய்க்குத் தருவித்துக் கப்பல் கட்டும் துறை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது முதல் நூறு வருஷத்துக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்த் துறையில் தலைமைக் கப்பல் கட்டுநர் பதவி அக்குடும்பத்தாரிடமே இருந்து வந்தது. மலையாளக் கரையின் தேக்கு மரத்தால் அவர்கள் கட்டிய கப்பல்கள், சீமையில் ஓக் மரத்தால் கட்டியவற்றைவிட நீடித்து உழைத்தன. 1817-ல் அவர்கள் கட்டிய திரிகோணமலை என்னும் யுத்தக் கப்பல் இருநூறு வருஷம் கடந்தும் அழியாமல், இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் காட்சிப் பொருளாக மிதந்துகொண்டிருக்கிறது. 1842-ல் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிஸ் கப்பலும் அவர்கள் கைவேலையே.

இவ்வளவு செய்தவர்களுக்குக் கும்பினியார் என்ன மரியாதை செய்தார்கள்? 1804-ல் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி என்னும் மகா நிபுணருக்கு, அவருடைய நெடுநாளைய ஊழியத்தையும் விசுவாசத்தையும் பாராட்டி எழுத்துக்கள் பொறித்த வெள்ளி அளவுகோல் ஒன்றை வெகுமதியாகக் கொடுத்தார்கள். தச்சனுக்கு அளவுகோலைவிடப் பொருத்தமான பதக்கம் வேறில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் விசுவாசம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அது எஜமானன் வேலைக்காரனைப் பாராட்டும் சொல். அதே ஜாம்ஷெட்ஜி, 1800-ல் தாம் கட்டிய ஒரு கப்பலின் அடிமரத்தில், இதைக் கட்டினவன் பாழாய்ப்போன ஒரு கறுப்பன் என்று ஒருவரும் காணாத இடத்தில் செதுக்கி வைத்ததாகவும், அநேக வருஷங்களுக்குப் பிறகு அது பிறர் கண்ணில் பட்டதாகவும் ஒரு வரலாறு வழங்குகிறது. அது மெய்யாயின், வெள்ளி அளவுகோலில் இருந்த எழுத்தைவிட அந்த மரத்தில் இருந்த எழுத்தே அக்காலத்து நிலைமையை நமக்கு நன்றாகத் தெரிவிக்கிறது.

இத்தகைய குடும்பத்தில் 1808-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 6-ஆம் தேதி பிறந்தவர் அர்தஸீர். தந்தை கர்ஸெட்ஜி ருஸ்தம்ஜி. அவரும் கப்பல் கட்டுநரே. பிள்ளை 1822-ல், பதினாலாவது வயதில், கப்பல் துறையில் வேலை பழகச் சேர்ந்தார். குல வித்தையைக் கற்றுக்கொண்டு, காலக்கிரமத்தில் தந்தையின் ஸ்தானத்தில் அமர்ந்து, தாமும் ஒரு வெள்ளி அளவுகோல் பெற்றுக்கொண்டு சுகமாகக் காலங்கழித்திருக்கலாம். அவருடைய மனமோ மரத்திலும் பாயிலும் செல்லவில்லை, நீராவியில் சென்றது.

அந்தச் சமயத்தில் கடல் யாத்திரையே மாறிக்கொண்டிருந்தது. பாய்க்கப்பலில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சீமைக்குப் போய்ச் சேர நான்கு ஐந்து மாதங்கள் பிடிக்கும். 1829-ல் பம்பாயில் ஹ்யூ லிண்ட்ஸே என்னும் நீராவிக் கப்பலைக் கட்டினார்கள். நானூற்றுச் சொச்சம் டன் எடை; உடலை வாடியா வம்சத்தார் கட்ட, யந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. 1830 மார்ச் 20-ஆம் தேதி பம்பாயை விட்டுப் புறப்பட்ட அந்தக் கப்பல் சற்றேறக்குறைய ஒரு மாதத்தில் ஸூயஸ் போய்ச் சேர்ந்தது. கரி வைப்பதற்கு இடம் போதாமல் பிரயாணிகளின் அறைகளிலும் கரியை நிரப்பிக்கொண்டு சென்றும், ஏடன் துறையை அடைந்தபோது சில மணி நேரத்துக்கு வேண்டிய கரிதான் மிகுந்திருந்ததாம். உடல் நம்முடையது, உயிர் அவர்களுடையது என்ற அந்தப் பாகுபாடு அர்தஸீரின் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். ஏனெனில் அதற்குப் பின் அவர் செய்த பிரயத்தனமெல்லாம் யந்திரத்தை நம் கைக்குக் கொண்டுவருவதாகவே இருந்தது.

முதலில் ஒரு குதிரைச் சக்தியுள்ள சிறிய யந்திரம் ஒன்றைத் தாமே செய்தார். நீராவியினால் கிணற்று நீரை இறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சிக் காட்டினார். 1833-ல், இருபத்தைந்தாவது வயதில், அறுபது டன் எடையுள்ள இண்டஸ் என்னும் சிறு கப்பலைக் கட்டி, அதில் நீராவி யந்திரத்தைப் பொருத்தி மிதக்கவிட்டார். சொல்லிக் கொடுக்கக் கலாசாலை இல்லை. காட்டிக் கொடுக்கக் குருவும் இல்லை. சீமையிலிருந்து வந்த யந்திரங்களைப் பார்த்தும், புஸ்தகங்களைப் படித்தும், செய்து பார்த்துத் தவறினதைத் திருத்தியும் கற்ற வித்தை இது. மறு வருஷம், 1834 மார்ச் மாதத்தில், மஜகாவ் பகுதியில் இருந்த தமது பங்களாவிலும் தோட்டத்திலும் வாயு விளக்குகளை ஏற்றினார். எண்ணெய்த் திரியும் மெழுகுவர்த்தியும் தவிர வேறு விளக்கறியாத பம்பாய் நகரத்தார் கண்ட முதல் வாயு விளக்கு அதுதான். நகரத்துத் தெருக்களுக்கு அந்த விளக்கு வருவதற்குப் பின்னும் முப்பது வருஷம் சென்றது. தையல் யந்திரம், மின்சார முலாம் பூசுதல் முதலிய நூதனங்களையும் அந்நகரத்துக்கு அறிமுகம் செய்தவர் அவரே என்று சொல்லுகிறார்கள்.

இவையெல்லாம் செல்வர் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்று சிலர் அலட்சியம் செய்யக்கூடும். செல்வம் உதவி செய்தது மெய்யே. ஆனால் அக்காலத்தில் பம்பாயில் செல்வர்கள் குறைவாகவா இருந்தார்கள்? சீன வியாபாரத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் அந்நகரத்தில் இருந்தார்கள். கைகளில் எண்ணெய்க்கறை படிய நின்று யந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் ஆசை அவர்களில் எத்தனை பேருக்கு உண்டாயிற்று?

1838-ல் அவருடைய உறவினர்களான ஜஹாங்கீர் நௌரோஜி, ஹீர்ஜிபாய் மெர்வான்ஜி என்னும் இரண்டு வாலிபர்கள் கப்பல் கட்டும் வித்தையை நவீன முறையில் பயில இங்கிலாந்து சென்று, சாதம் துறையில் சேர்ந்திருந்தார்கள். அடுத்த வருஷம் அர்தஸீரும் புறப்பட்டார். அக்காலத்தில் ஸூயஸ் கால்வாய் இல்லை. அது 1869-ல் தான் திறக்கப்பட்டது. செங்கடல் வழியாக ஸூயஸ் வரையில் கப்பலில் சென்று, பாலைவனத்தைத் தரைமார்க்கமாகக் கடந்து எகிப்தில் இறங்கி, அலெக்ஸாண்டிரியாவில் வேறு கப்பல் ஏறி மத்தியதரைக் கடல் வழியாகச் செல்ல வேண்டும். அந்தப் பிரயாணத்தைக் குறித்து அவர் எழுதிய தினசரிக் குறிப்புகள் 1840-ல் லண்டனில் புஸ்தகமாக வெளிவந்தன. சீமையில் அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு திரியவில்லை. கப்பல் துறைகளையும் யந்திரசாலைகளையும் வார்ப்படச் சாலைகளையும் நேரில் கண்டு, கப்பல் யந்திரம் செய்யும் முறைகளை ஊன்றிக் கற்றார். சிவில் இஞ்சினீயர்கள் சங்கத்தில் அங்கத்தினரானார். அங்கே இருக்கும்போதே, கும்பினியாரின் டைரக்டர்கள் அவரைப் பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் பிரதம இஞ்சினீயராகவும் யந்திரப் பரிசோதகராகவும் நியமித்தார்கள். 1841 ஏப்ரல் முதல் தேதி அவர் பம்பாயில் அப்பதவியை ஏற்றுக்கொண்டார்.

பம்பாய் வெள்ளைக்காரரிடையே பெரிய அதிருப்தி உண்டாயிற்று. பிற்காலத்தில் டைம்ஸ் ஆப் இந்தியா என்று பெயர் மாறிய பம்பாய் டைம்ஸ் பத்திரிகை இந்த நியமனத்தைக் கண்டித்தது. சுதேசி ஒருவன் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும், எவ்வளவு கல்வி பெற்றவனாக இருந்தாலும், இங்கிலீஷ் தொழிலாளிகளை நடத்தி, மேற்பார்த்து, அடக்கி வேலை வாங்க வேண்டிய ஒரு ஸ்தாபனத்தின் பொறுப்பை வகிக்கத் தகுதியுள்ளவனாவான் என்பது சந்தேகம் என்பதே அதன் வாதத்தின் சாரம். இந்த வாதத்தை நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். அர்தஸீருக்கு வேலை தெரியாது என்று அப்பத்திரிகை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அறுபது டன் கப்பல் அவருக்குச் சாட்சியாகத் துறைமுகத்தில் மிதந்தது. வேலை தெரிந்திருப்பது போதாது, வெள்ளைத் தோலும் வேண்டும் என்பதுதான் ஆட்சேபம். திறமை போதாது என்று சொன்னால் அதிகத் திறமை சம்பாதித்துப் பதில் சொல்லலாம். தோலுக்கு என்ன பதில் சொல்வது? இதே ஆட்சேபத்தை அதற்குப் பிறகு நூறு வருஷம், ரெயில்வேயிலும் பட்டாளத்திலும் ஸிவில் ஸர்வீஸிலும், வெவ்வேறு வார்த்தைகளில் நாம் கேட்டோம்.

அவர் கீழ் வேலை செய்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் அந்தக் கோபத்தின் காரணம் விளங்கும். பிரதம உதவியாளர் ஒருவர். ஐரோப்பிய போர்மன்கள் நால்வர். ஐரோப்பிய இஞ்சினீயர்களும் பாய்லர் வேலைக்காரர்களுமாக நூறு பேர். நமது நாட்டுத் தொழிலாளிகள் ஏறக்குறைய இருநூறு பேர். ஆக முந்நூறு பேருக்கு மேற்பட்ட ஸ்தாபனம். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து நான்கு வருஷமே ஆகியிருந்த அக்காலத்தில், பார்ஸித் தலைப்பாகை அணிந்த முப்பத்திரண்டு வயதுள்ள ஒருவர் ஐரோப்பிய போர்மனைக் கூப்பிட்டு, அந்தத் தகட்டைப் பிரித்துப் புதிதாகப் பொருத்து என்று உத்தரவிடுவது சாதாரணக் காட்சியன்று.

அந்தத் தொழிற்சாலையின் வேலையும் சாதாரணமானதன்று. அக்காலத்து நீராவிக் கப்பல்களின் பாய்லருக்குக் கடல் நீரையே ஊற்றினார்கள். தண்ணீர் ஆவியாக ஆக உப்பு உள்ளே தங்கிக் கல்போல் இறுகிவிடும். அந்த உப்புப் படலம் சூட்டைத் தடுத்துவிடுவதால் கரி அதிகம் செலவாகும். தகடு காய்ந்து சிவந்து, நெகிழ்ந்து, வெடித்துவிடுவதும் உண்டு. ஆகையால் யாத்திரையின் நடுவிலேயே உப்பு மிகுந்த நீரை அவ்வப்போது வெளியே தள்ளி, புதிய நீரைச் சேர்க்க வேண்டும். துறைமுகம் வந்ததும் நெருப்பை அணைத்து, ஆட்கள் உள்ளே இறங்கி உப்பைக் கொத்தி எடுக்க வேண்டும். அப்படியும் ஒரு பாய்லர் சில வருஷங்களே உழைக்கும். உடைந்துபோன ஓர் உறுப்புக்காகச் சீமைக்கு எழுதினால், முனையைச் சுற்றி அது வந்து சேருவதற்குள் அரை வருஷம் சென்றுவிடும். அதுவரை கப்பல் துறையில் கிடந்து கறையான் இல்லாத குறையாகச் செல்லரிக்கும். எனவே, வார்ப்பது, கடைவது, தகடு வளைப்பது, ஆணி அறைந்து சேர்ப்பது எல்லாவற்றையும் பம்பாயிலேயே செய்தாக வேண்டும். தபால் கொண்டுபோகும் கப்பல் குறித்த நாளில் புறப்படுமா புறப்படாதா என்பது மந்திராலோசனை சபையில் தீர்மானமாகவில்லை. அர்தஸீரின் பட்டறையில் தீர்மானமாயிற்று. ஸூயஸ் தபால் ஒரு மாதம் தவறினால் பம்பாய் வர்த்தகர்கள் முதல் கவர்னர் வரையில் எல்லோரும் கூச்சலிடுவார்கள். அந்தக் கூச்சலுக்கு இடம் வைக்காமல் பார்ப்பதுதான் அவருடைய நித்தியக் கடமை.

இங்கே நாம் மறைக்கக்கூடாத ஒரு விஷயம் உண்டு. அந்த யந்திரங்கள் தபாலை மாத்திரம் சுமக்கவில்லை. 1830-ல் இந்தியக் கப்பற்படை என்று பெயர் சூட்டிக்கொண்ட கும்பினியாரின் படை, தர்மத்துக்காகச் சண்டை செய்த படையன்று. 1840 முதல் 1842 வரையில் சீனாவின் மேல் அபினியைத் திணிப்பதற்காக நடந்த யுத்தத்தில் அப்படையின் நீராவிக் கப்பல்களும் பங்கெடுத்தன. 1843-ல் ஸிந்து தேசத்தைக் கும்பினியார் விழுங்கினார்கள். 1852-ல் பர்மா மேலும், 1856-ல் பாரசீகத்தின் மேலும் படை எடுத்தார்கள். இந்த யுத்தங்களுக்குப் போய் வந்த கப்பல்களின் பழுதைப் பார்த்த இடம் பம்பாய். பழுது பார்த்த கைகளுக்குத் தலைவர் நம்மவர். பாரசீகமோ, பார்ஸிகளின் பூர்வ தேசம். அந்நிய ஆதிக்கம் இவ்விதமாகத்தான் நமது சிறந்த மூளைகளைத் தனக்கு ஆயுதமாக ஆக்கிக்கொண்டது. அர்தஸீரை நாம் தேசபக்தர் என்று அழைக்க வரவில்லை. கும்பினி அரசாட்சியைக் குறித்து அவர் குறை சொன்னவரும் அல்லர். அக்காலத்துப் பம்பாய்ச் செல்வர்களைப் போல அவரும் அதை இயற்கை நியதியாகவே பாவித்தார். ஆனால் கும்பினியாரின் ஊழியத்தில் இருந்த வெள்ளை இஞ்சினீயரை வெறும் இஞ்சினீயராகவே மதிப்பிட்டுப் புகழ்கிறவர்கள், நம்மவர் விஷயத்தில் மாத்திரம் வேறு தராசைத் தூக்குவது நியாயமாகாது. அவர் செய்த வேலையின் பலன் யாருக்குப் போயிற்று என்பது ஒரு கேள்வி. அவ்வேலையை ஓர் இந்தியர் செய்ய முடிந்ததா என்பது வேறு கேள்வி. முன்னதற்கு விடை துக்ககரமானது. பின்னதற்கு விடை பதினாறு வருஷ காலம் தடையில்லாமல் நடந்த தொழிற்சாலை.

அவர் பதவியேற்று இரண்டு மாதம் நிரம்புவதற்குள், 1841 மே 27-ஆம் தேதி, லண்டன் ராயல் சொசைட்டியார் அவரைத் தங்கள் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தார்கள். நியூட்டன் தலைமை வகித்த சபை அது. அச்சபையில் இடம் பெற்ற முதல் இந்தியர் அர்தஸீரே. கப்பற் கட்டுமானத்தின் சாஸ்திரத்திலும் அநுபவத்திலும் தேர்ந்தவர், பம்பாய்க்கு வாயு விளக்கைக் கொண்டுவந்தவர், அறுபது டன் கப்பலைக் கட்டி அதற்கு நீராவி யந்திரத்தைப் பொருத்தியவர் என்று அவருடைய தகுதிகளை அந்தச் சபையின் பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். ஜாம்ஷெட்ஜிக்குக் கிடைத்த வெள்ளி அளவுகோலையும் இந்த மூன்று எழுத்துப் பட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முன்னது விசுவாசத்துக்குக் கொடுத்தது. பின்னது அறிவுக்குக் கொடுத்தது. விசுவாசம் என்ற பேச்சே அதில் இல்லை. பம்பாய் டைம்ஸ் தகுதி சந்தேகம் என்று எழுதிய அதே வருஷத்தில், அப்பத்திரிகையார் தலைமேல் வைத்துக் கொண்டாடும் லண்டன் வித்துவான்களின் சபை தகுதி நிச்சயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்திரிகாசிரியர்களுக்கு இப்படிப்பட்ட அநுபவம் எப்போதாவது வாய்ப்பதுண்டு என்பதை இத்தொழிலில் இருக்கும் நாமும் அறிவோம்.

1849-ல் அவர் அமெரிக்கா சென்றார். அந்நாட்டுக் கப்பல் துறைகளில், நூற்றுக்கணக்கான ஆட்கள் கையால் அறுக்கும் மரத்தை யந்திரம் அறுத்துத் தள்ளுவதைக் கண்டு, அத்தகைய யந்திரங்களைப் பம்பாய்க்கு வரவழைக்க ஏற்பாடு செய்தார். 1851 பிப்ரவரியில் லௌஜி பாமிலி என்னும் நீராவிக் கப்பலை மிதக்கவிட்டார். மூதாதையரின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உறுப்புகள் அனைத்தும் அவருடைய வீட்டிலேயே அமைத்திருந்த சொந்த வார்ப்படச் சாலையில் செய்யப்பட்டவை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஹ்யூ லிண்ட்ஸே கப்பலின் உடல் பம்பாயில் பிறக்க, யந்திரம் சீமையில் பிறந்ததை மேலே சொன்னோம். உடலும் உயிரும் ஒரே இடத்தில், இந்தியர் கையால் உண்டான கப்பல் இது. சுதேசி என்ற சொல் நம் தேசத்தில் முழங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த காரியம். சர்க்கார் இதைக் கண்டு என்ன செய்திருக்க வேண்டும்? தங்களுக்கென்று ஒரு தேசம் உள்ள அரசாங்கமாக இருந்தால், அந்த வீட்டுப் பட்டறையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, நூறு வாலிபர்களை அதில் பயிற்றுவித்திருக்கும். ஜப்பானியர் 1860-க்குப் பின் யோகோஸுகாவில் பிரெஞ்சுக்காரர் உதவியால் துறை அமைத்து, தங்கள் பிள்ளைகளைப் பழக்கி, 1905-ல் ருஷியக் கடற்படையை அழித்த கதை உலகம் அறிந்தது. பம்பாயில் அதற்கு முன்னதாகவே விதை முளைத்திருந்தது. தண்ணீர் விடுவார் இல்லை. இரும்புக் கப்பல்கள் பெருகப் பெருக, கப்பல் கட்டும் தொழிலும் யந்திரம் செய்யும் தொழிலும் கிளைட் நதிக்கரைக்கும் டைன் நதிக்கரைக்கும் சொந்தமாகிவிட்டன. தேக்கு மரக் கப்பலோடு வாடியா வம்சத்தாரின் கப்பல் கட்டும் தொழிலும் பத்தொன்பதாவது நூற்றாண்டோடு முடிந்தது.

1855-ல் அவர் ஜஸ்டிஸ் ஆப் தி பீஸ் என்னும் கௌரவ உத்தியோகம் பெற்றார். 1857 ஆகஸ்டு முதல் தேதி தொழிற்சாலைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். வடநாட்டில் டில்லிக்காகப் பெரும் போர் நடந்துகொண்டிருந்த மாதம் அது. அடுத்த வருஷம் கும்பினியாரின் ஆட்சியே முடிந்து, அரசு ராணியின் கைக்கு மாறியது. 1863-ல் அவர் சேவித்த இந்தியக் கப்பற்படையையும் கலைத்துவிட்டார்கள்.

ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை போலும். 1861-ல் இண்டஸ் புளொடில்லா கம்பெனியின் இஞ்சினீயராக ஸிந்து தேசம் சென்றார். அவ்வருஷத்தில்தான் கராச்சியிலிருந்து கோட்ரி வரையில் ரெயில் பாதை திறந்திருந்தது. அதற்கு மேல் பாஞ்சாலத்துக்குச் செல்லும் ஜனங்களும் சரக்குகளும் ஸிந்து நதியில் நீராவிப் படகுகளில் ஏறி முல்தான் வரையில் போக வேண்டும். மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டேயிருக்கும் அந்த நதியில் ஓடிய படகுகளின் யந்திரங்களும், கோட்ரியில் இருந்த பட்டறைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. இருபத்தைந்து வயதில் தாம் கட்டிய முதல் நீராவிக் கப்பலுக்கு அந்த நதியின் பெயரையே வைத்தவர் அவர். 1863-ல் அவ்வேலையையும் விட்டு, இங்கிலாந்தில் லண்டனை அடுத்த ரிச்மண்டில் போய்க் குடியிருந்தார். 1877 நவம்பர் 16-ஆம் தேதி அங்கேயே காலமானார். அறுபத்தொன்பது வயது.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். ராயல் சொசைட்டியில் இரண்டாவது இந்தியருக்கு இடம் கிடைத்தது 1918-ல். அவர் நமது கும்பகோணத்து ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். அவரையே முதல் இந்தியர் என்று தமிழ்நாட்டில் அநேகர் எண்ணியிருந்தது உண்டு. எழுபத்தேழு வருஷ இடைவெளி முன்னவரை அவ்வளவு தூரம் மறைத்துவிட்டது. கப்பற்படை யந்திர இலாகாவிலோ இடைவெளி இன்னும் பெரிது. கும்பினியாரின் படை பல முறை பெயர் மாறி ராயல் இந்தியன் மரீன் என்று ஆனபின், அதில் கமிஷன் பெற்ற முதல் இந்தியர் டி. என். முகர்ஜி என்பவர். அவரும் இஞ்சினீயர் அதிகாரியே. அவருக்குக் கமிஷன் கிடைத்த வருஷம் 1928. 1841-ல் நூறு ஐரோப்பியருக்கு மேல் தலைமை வகிக்க ஓர் இந்தியர் தகுதி பெற்றிருந்தார். எண்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு அதே யந்திர இலாகாவில் கீழ்ப்படியில் கால் வைக்க இன்னோர் இந்தியருக்கு அனுமதி கிடைத்தது. இந்த எண்பத்தேழு வருஷமும் இந்தியரிடம் திறமை வற்றிப்போயிற்று என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

சுதந்திர இந்தியாவின் தபால் இலாகா 1969-ல் அர்தஸீரின் உருவம் பொறித்த தபால் தலை ஒன்றை வெளியிட்டது. ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்த மே மாதம் 27-ஆம் தேதியையே அதற்கு நாளாக வைத்தார்கள்.